ஒரு சுருள் நாடாவும் என் தனி ஆவர்த்தனமும்

மிருதங்கம் வாசிக்கத் தெரிந்த ஒருவனைப் பார்த்து "கொஞ்சம் வாசியுங்கோ" என்று மட்டும் ஒருவரும் சொல்லக்கூடாது. கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியாது. வயலின்காரருக்குத் தெரியும், பாடுகிறவருக்கு ஓரளவு தெரியும். மிருதங்கக்காரனுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. இதை நான் வாய்விட்டு ஒத்துக்கொள்வதற்குப் பன்னிரண்டு வருடம் பிடித்திருக்கிறது.

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. ஸ்காபரோவில் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தீட்டும் வேலைத்தலம் ஒன்றில் இருந்தேன். மத்தியானம் எல்லோரும் ஒரே நீள மேசையில் சாப்பிடுவோம். என் விரல்கள் சும்மா இருக்காத விரல்கள். சோற்றுப் பெட்டியின் மூடி கிடைத்தால் போதும், தட்டத் தொடங்கிவிடும். (கல்யாணமான புதிதில் மனைவியின் முதுகிலும் தட்டியிருக்கிறேன். அது பற்றி எச்சரிக்கப்பட்டு நிறுத்திவிட்டேன்.) ஒரு நாள் எதிரே இருந்த நோரா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நீ இப்போது தட்டியது என்ன?" என்று கேட்டாள். அவள் பேசியதெல்லாம் ஆங்கிலம். ஆனால் எனக்கு ஞாபகமிருப்பது தமிழில்தான், அப்படியே தருகிறேன்.

நோரா வயலின்காரி. எங்கள் மாதிரிச் சப்பணம் கட்டி இருந்து வாசிக்கிற வயலின் இல்லை, நின்றபடி, காலால் தரையை உதைத்து உதைத்து வாசிக்கிற வயலின். அவளிடம் ஒரு குழு இருந்தது. அதன் பெயரை மொழிபெயர்த்தால் 'திங்கட்கிழமைக் கோழிகள்' என்று வரும். ஏன் திங்கட்கிழமை என்று கேட்டேன், கோழிகளுக்கு வாரவிடுமுறை முடிந்துவிட்டதாம். இந்த ஒரு பதிலிலேயே அவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்று எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அவர்கள் வாசிப்பது நாட்டுப்புறப் பாட்டுக்கும் பழைய ஸ்விங் ஆட்டத்துக்கும் பிறந்த பிள்ளை. மாடு, இரயில், ஓடிப்போன காதலி எல்லாம் வரும், ஆனால் கேட்கிறவர் அழமாட்டார், ஆடுவார். ஒரு முழுப் பாட்டு தொலைந்துபோன காலுறையைப் பற்றியது. ஒருவர் துணி தோய்க்கும் தகரப் பலகையை மார்பில் மாட்டி, விரல்களில் தையல்காரரின் விரலுறை போட்டு அதைச் சுரண்டுவார். பலகையின் ஓரத்தில் சைக்கிள் மணியும் உண்டு.

அவர்கள் இசைத்தட்டுப் பதிகிற விதம் இன்னும் விசேஷம். கணினி கிடையாது. அறையின் நடுவில் ஒரே ஒரு மைக், சுற்றிவர எல்லோரும், சத்தம் கூடியவர் சுவரோரம். பழைய இயந்திரம் ஒன்றில் ஒரு சுருள் நாடா ஓடும். அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட வரும். அதுதான் முழு இசைத்தட்டும். வெட்டமாட்டார்கள், ஒட்டமாட்டார்கள், பதிந்ததை அழித்துத் திரும்பப் பதியவும் மாட்டார்கள். பாட்டு தொடங்கினால் யாரும் யாரையும் நிறுத்தக்கூடாது, நடந்தது நடந்தபடி கிடக்கும். நோரா எனக்குத் தந்த முதல் இசைத்தட்டில் இரண்டாவது பாட்டில் ஒருவர் தும்முகிறார், நாலாவதில் தேநீர்க் கேத்தல் கூவுகிறது. நான் வீட்டில் போட்டுக் கேட்டுவிட்டு, இவ்வளவு அலங்கோலத்தில் நான் ஒருவன் சேருவதால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று நினைத்தேன்.

நோரா என்னைக் கேட்டபோது நான் ஏன் அப்படித் துள்ளினேன் என்பதையும் சொல்லவேண்டும். நான் பத்து வருடம் முறையாகப் படித்து அரங்கேற்றம் செய்தவன். அந்த அரங்கேற்றத்தைப் பதிந்த கசெற் ஒன்று வீட்டில் இருந்தது. மூன்று மாதம் கழித்து என் அக்கா அதன் மேல் சினிமாப் பாட்டுப் பதிந்துவிட்டா. "உன்ரை டொக்கு டொக்கை ஆரடா திரும்பக் கேக்கப்போகினம்" என்பது அவவின் விளக்கம். பிறகு இங்கே வந்து, வேலை, வாடகை, பனி. நான் வாசித்தேன் என்பதற்கு உலகத்தில் ஒரு அத்தாட்சியும் கிடையாது. என் வாசிப்பு எங்காவது ஒரு இடத்தில், ஒரு பொருளில், பதிந்து இருக்கவேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை இருந்தது. அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஆனால் இசைத்தட்டில் வாசிக்கப் போகிறேன் என்பதை மட்டும் எல்லோருக்கும் சொன்னேன்.

"எத்தினை பேருக்குச் சொன்னனீங்கள்?" என்று மனைவி வதனி கேட்டாள்.

"ஒரு நாலைஞ்சு பேர்."

நாற்பது பேர் இருக்கும். அதில் முக்கியமானவர் ஒஷாவாவில் இருந்த மாமா, வதனியின் அப்பா. கச்சேரி கேட்டே வளர்ந்த மனுசன். தன் மகளுக்கு ஒரு இஞ்சினியர் கிடைத்திருக்கலாம் என்பதை எனக்குத் தேநீர் தரும்போதெல்லாம் பார்வையால் சொல்லுவார். அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "உதென்ன தம்பி, வெள்ளைக்காரரோடையோ?" என்றவர், பிறகு, "வரட்டும், கேப்பம்" என்றார். அவரிடமிருந்து அது பெரிய விருது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீடு இருந்த ரூஜில் இருந்து நகரத்தின் மறுகோடியில் உள்ள பார்க்டேலுக்குக் காரில் போனோம். மிருதங்கத்துக்குப் பின் இருக்கையில் பெல்ட் போட்டிருந்தது. வதனி வரத் தேவையில்லை என்றுதான் நான் சொன்னேன். "வெறுங்கையோடை ஒரு இடத்துக்குப் போறதே?" என்று ஐம்பது மட்டன் ரோல்ஸும் ஒரு பெரிய பிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு அவளே முதல் ஆளாகக் காரில் ஏறிவிட்டாள்.

பதிவு நடந்தது ஒரு வீட்டுக்குப் பின்னால் இருந்த கராஜில். மொத்தம் பத்துப் பாட்டு, ஐந்து முடிந்திருந்தது. ஆறாவது என்னுடையது. ஆள் உயர வயலின் மாதிரியான டபிள் பாஸை நின்றபடி மீட்டும் வோல்ட்டருக்கு எழுபத்து மூன்று வயது. மறுநாள் காலை விமானத்தில் சஸ்கற்றூனுக்கு மகளிடம் ஒரேயடியாகப் போகிறார். நாற்பது வருடம் இருந்த வீட்டின் சாவியை அன்று காலைதான் வாங்கியவரிடம் கொடுத்திருந்தார். பத்தாவது பாட்டு அவர் எழுதியது, அந்தச் சாவியைப் பற்றியது. இதெல்லாம் நோரா எனக்குச் சொன்னாள். நான் தலையாட்டிக்கொண்டு, வலந்தலையில் கல்லால் தட்டிச் சுருதி சேர்ப்பதில் கவனமாக இருந்தேன். இடந்தலையில் நான் ரவை குழைத்து அப்பியதைப் பார்த்துத் தகரப் பலகைக்காரர், அது இடைவேளையில் சாப்பிடுவதற்கா என்று மரியாதையாகக் கேட்டார்.

"ஒத்திகை?" என்று கேட்டேன்.

"நாங்கள் ஒத்திகை பார்ப்பதில்லை. பாட்டோடு சேர்ந்து வா. வயலின் முடிந்ததும் உன்னைப் பார்த்துத் தலையாட்டுவேன். நீ கொஞ்சம் வாசி. பிறகு எல்லோரும் சேர்ந்து முடிப்போம்" என்றாள் நோரா.

இனி நடந்ததை விளங்கிக்கொள்ள எங்கள் கச்சேரி வழக்கம் ஒன்று தெரியவேண்டும். கச்சேரியின் நடுவில் பாடகர் மிருதங்கக்காரரைத் திரும்பிப் பார்த்து ஒரு தலையாட்டல் ஆட்டுவார். அதோடு மற்ற எல்லோரும் வாயையும் கையையும் மூடவேண்டும். அதன் பெயர் தனி ஆவர்த்தனம். மிருதங்கக்காரன் தனியாக, தன் கையில் உள்ள சரக்கு முழுவதையும் இறக்கி, கடைசியில் ஒரே தீர்மானத்தை மூன்று முறை வாசித்து, மூன்றாவதன் கடைசி அடியைத் 'தொம்' என்று சரியான இடத்தில் போடுவான். அதன் பிறகுதான் பாடகர் பாட்டைத் திரும்பப் பிடிப்பார். அரை மணித்தியாலம் போனாலும் போகும். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் நாங்கள் மீதி இரண்டு மணித்தியாலமும் ஒழுங்காக இருப்பது.

நோராவின் உலகத்தில் அந்தத் தலையாட்டலுக்குப் பொருள் எட்டுச் சுற்று. ஒரு இருபது விநாடி. அது அங்கே குழந்தைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் என்பதால் அவள் சொல்லவில்லை. எனக்கும் குழந்தைப் பிள்ளைக்குத் தெரிந்த வேறொரு விஷயம் தெரிந்திருந்தபடியால் நான் கேட்கவில்லை.

நாடா சுழன்றது. பாட்டு தொடங்கியது. ஆதி தாளத்தில் அழகாகப் பொருந்தியது. வயலின் துள்ளி ஓடி முடிந்தது. நோரா என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஒருவர் என்னைப் பார்த்து ஆட்டிய தலை.

'கொஞ்சம்' என்று சொல்லியிருந்தாள் அல்லவா. அதனால் சுருக்கமாக, ஒரு பதினாறு நிமிடம் வாசித்தேன்.

அந்தப் பதினாறு நிமிடமும் என் கண்முன்னால் எத்தனையோ அறிகுறிகள் நடந்தன. அத்தனையையும் நான் எங்கள் வழக்கப்படி விளங்கிக்கொண்டேன். முதல் நிமிடம் முடியக் கிற்றார்காரர் கையை எடுத்தார். தனியின்போது எடுக்கத்தானே வேண்டும். மூன்றாவது நிமிடம் தகரப் பலகைக்காரர் அடிமேல் அடி வைத்து வெளியே போனார். தனி தொடங்கினால் சபையில் பாதிப் பேர் தேநீர் குடிக்கப் போவது எனக்குப் பழகிய அவமானம், கணக்கில் எடுக்கவில்லை. நோரா கண்ணை மூடினாள். லயித்துவிட்டாள் என்று மும்மூன்றாக ஓடும் திஸ்ர நடைக்கு மாறினேன். எட்டாவது நிமிடம் நாடா இயந்திரத்தடியில் இருந்த பதிவுகாரர் எழும்பிக் கையைக் காற்றில் வட்டம் வட்டமாகச் சுழற்றினார். ரசிகன் என்றால் இவனல்லவா ரசிகன் என்று எனக்கு உடம்பெல்லாம் உற்சாகம் ஏறிவிட்டது. (சீக்கிரம் முடி என்பதற்கு இங்கே அதுதான் சைகையாம்.)

வோல்ட்டர் மட்டும் நிறுத்தவில்லை. ஒருவனை அந்தரத்தில் விட்டுவிடக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, ஒரே தந்தியில் ஒரே சுரத்தைத் தும் தும் என்று மீட்டிக்கொண்டே நின்றார். நான் அதைத் தம்பூராவாக எடுத்துக்கொண்டேன்.

இடையில் ஒரு சின்னச் சந்தேகம் வந்தது உண்மை. மூலையில் இருந்த வதனியைப் பார்த்தேன். அவள் மடியில் ரோல்ஸ் தட்டை வைத்தபடி, அதன் விளிம்பில் பிசகாமல் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். சந்தேகம் தீர்ந்தது. தீர்மானத்துக்குப் போனேன். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை, தொம். அந்த அடி விழுந்த கையோடு மூலையில் இருந்து படபடபட என்று சத்தம் வந்தது. கைதட்டுகிறார்கள் என்று தலையைக் குனிந்து வணங்கினேன்.

அது நாடா. முடிந்துபோய், அதன் வால் இயந்திரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

ஒருவரும் பாட்டைத் திரும்பப் பிடிக்கவில்லை. வதனி மாத்திரம் கைதட்டினாள். பிறகு எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக வெளியே ஒழுங்கைக்குப் போனார்கள். நான் துவாயால் முகத்தைத் துடைத்தபடி, "மிச்சப் பாட்டுகளுக்கும் என்னைக் கேப்பினம் போலை கிடக்கு" என்றேன்.

"திஸ்ரம் திறமாய் இருந்துதப்பா" என்றாள் வதனி. (இதை அவள் இன்று மறுக்கிறாள்.)

நோரா திரும்பி வந்து ஒரு வாளியைக் கவிழ்த்து எனக்கு முன்னால் இருந்தாள். இந்த நாட்டில் ஒருவர் உங்களை மூன்று முறை தொடர்ந்து புகழ்ந்தால் நாலாவதாக என்னவோ வருகிறது என்று பொருள். அற்புதம் என்றாள், இப்படி ஒன்றைக் கேட்டதேயில்லை என்றாள், என் கைகளுக்கு நன்றி என்றாள். பிறகு மெதுவாக நடந்ததைச் சொன்னாள். இருபது விநாடி என்றாள். இருந்தது ஒரு சுருள் என்றாள். கராஜின் சீமெந்துத் தரை பிளந்து என்னை மிருதங்கத்தோடு விழுங்கினால் நல்லது என்று இருந்தது.

"ஆனால் நாங்கள் பேசி முடிவெடுத்துவிட்டோம்" என்றாள். "பதிந்ததை அழிப்பது எங்கள் வழக்கம் இல்லை. ஒரு பக்கம் ஐந்து பாட்டு. மறுபக்கம் முழுவதும் நீ. மீதி நாலும் இல்லாவிட்டால் பரவாயில்லை. வோல்ட்டரும் சம்மதம் என்கிறார்."

இசைத்தட்டின் ஒரு முழுப் பக்கம். அக்கா அழித்த கசெற்றுக்குப் பதிலாக, வட்டியும் முதலுமாக. மாமாவின் மேசையில் கொண்டுபோய் வைக்கலாம். அந்த நேரம் எனக்கு வந்த முதல் யோசனை, சரி என்று சொல்லிவிடுவோம் என்பதுதான். இதை நான் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. வாயும் திறந்துவிட்டேன்.

வதனி என் காதுக்குக் கிட்ட வந்து, "அந்த மனுசன்ரை விரலைப் பாருங்கோ" என்றாள்.

வோல்ட்டர் வாசல் பக்கம் ஒரு கதிரையில் இருந்தார். வலது கைச் சுட்டுவிரலில் கொப்புளம் உடைந்திருந்தது. தகரப் பலகைக்காரர் அதற்குப் பிளாஸ்ரர் சுற்றிக்கொண்டிருந்தார். வோல்ட்டர் என்னைப் பார்த்து மற்றக் கையின் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். "அது ஒரு சாவியைப் பற்றிய பாட்டுத்தான்" என்றார்.

நாளைக்கு இந்த மனுசன் போய்விடுவார், அவருடைய பாட்டும் அதோடு போய்விடும், அதுவும் எனக்காக. ஒருவனுடைய வாசிப்பு அடையாளமில்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று இந்த உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்.

"அழியுங்கோ" என்றேன். பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். நோரா முடியாது என்றாள், வழக்கம் என்றாள். "அக்காவே அழித்தா, நீங்கள் அழித்தால் என்ன" என்று நான் சொன்னது அவளுக்கு விளங்கியிருக்காது. ஆனால் என் முகத்தைப் பார்த்து எழும்பினாள்.

நாடாவைப் பின்னுக்குச் சுற்றினார்கள். பதினாறு நிமிட வாசிப்பும் கீச்சுக் கீச்சு என்று எலி ஓடுவதுபோல் திரும்பி ஓடியதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஆறாவது பாட்டை மறுபடி தொடங்கினார்கள். நானும் சேர்ந்தேன், முன்னெச்சரிக்கையாக மிக மெல்லிய சத்தத்தில். வயலின் முடிந்தது. இப்போது நோரா தலையாட்ட வேண்டிய இடம். அவள் கூரையைப் பார்த்தாள். கிற்றார்காரர் தன் சப்பாத்தைப் பார்த்தார். தலையை அசைத்துவிடுவோமோ என்ற பயத்தில் அந்தக் கராஜில் ஒருவரும் கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. தலையாட்டாமல் தனி எடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை, நானும் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டேன். அந்த எட்டுச் சுற்றிலும் கிற்றாரும் பாஸும் மட்டும் ஓடின.

வோல்ட்டர் கடைசிப் பாட்டைப் பாடினார். பிளாஸ்ரர் சுற்றிய விரலால் மீட்டினார். நாற்பது வருடம் சட்டைப் பையில் இருந்த ஒரு சாவி இல்லாமல் நடக்கும்போது ஒரு பக்கம் உடம்பு இலேசாக இருக்கிறது என்று பாட்டு. பதிவுகாரர் கடைசிச் சுரம் அடங்கியதும் இயந்திரத்தை நிறுத்தினார். சுருளில் இன்னும் ஒரு சொட்டு மிச்சமிருந்ததாம். பிறகு எல்லோரும் ரோல்ஸ் சாப்பிட்டார்கள். ஐம்பதும் முடிந்தது.

இசைத்தட்டு நாலு மாதம் கழித்துத் தபாலில் வந்தது. வந்த வாரமே மாமா, மாமி, வதனியின் தம்பி குடும்பம் எல்லோரும் எங்கள் வீட்டு ஹோலில் கூடிவிட்டார்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்றேன். அடக்கம் என்று நினைத்தார்கள். ஆறாவது பாட்டு வந்தது, போனது.

"எங்கை தம்பி உங்கடை வாசிப்பு?" என்று மாமா கேட்டார்.

"பின்னாலை கொஞ்சம் மெல்லமாய்க் கேக்கும் மாமா."

"எனக்குக் கேக்கேல்லையே."

ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது. மாமி கொட்டாவியை மறைத்தா. வோல்ட்டரின் பாட்டும் முடிந்தது. இனி நடந்ததைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று நான் தொண்டையைச் செருமினேன். அப்போது ஒலிபெருக்கியில் என் மிருதங்கம் கேட்டது. வோல்ட்டரின் பாட்டு முடிந்த இடத்துக்கு அப்பால், அழிபடாமல் தப்பிய சுருளின் அந்தக் கடைசிச் சொட்டு. தீர்மானத்தின் மூன்றாவது முறை, சுத்தமாக, வேகமாக. அவர்கள் எதையும் வெட்டாதவர்கள், அப்படியே தட்டில் விட்டுவிட்டார்கள். மாமா நிமிர்ந்தார். அவருடைய வலது கை தானாக எழும்பியது. தரிகிட தரிகிட என்று உச்சிக்குப் போய், கடைசி அடி விழவேண்டிய அந்த இடத்தில் நாடா முடிந்தது. தொம் இல்லை. நான் நினைத்ததைவிட ஒரே ஒரு அடி முந்தியே சுருள் தீர்ந்திருக்கிறது. மொத்தம் ஏழு விநாடி.

மாமாவின் கை அந்தரத்தில் நின்றது. இறக்கவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் மனுசன் தவித்துப் போனார். கடைசியில் மேசையில் ஓங்கி ஒரு அடி போட்டு, "தொம்" என்றார். மேசையில் இருந்த ரோல்ஸ் தட்டு ஒரு முறை துள்ளியது. பிறகு என்னைப் பார்த்தார்.

"வாசிப்பு நல்லாய்த்தான் இருக்கு. திரும்பப் போடும்."

அன்று ஏழு தரம் போட்டோம். ஒவ்வொரு தரமும் ஹோலில் இருந்த எல்லோரும் சேர்ந்து அந்த ஒரு அடியைப் போட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் முடிவில்லாமல் இழுபடும் எதற்கும் அதுதான் மருந்து. கல்யாண வீட்டில் யாராவது நீளமாக வாழ்த்துரை வழங்கினால், வங்கிக்காரர் தொலைபேசியில் காக்க வைத்தால், நான் வீட்டில் ஒரு விஷயத்தை விளக்கத் தொடங்கினால், யாராவது ஒருவர் பக்கத்தில் உள்ளதில் தட்டித் தொம் என்றுவிடுவார். மகளுக்கு அப்போது இரண்டு வயது, இப்போது பதினாலு. இந்தக் கதையை அவளுடைய சிநேகிதிகளுக்கு நான் சொல்ல ஆரம்பித்தால், "அப்பா, ப்ளீஸ், ஷோர்ட் வேர்ஷன்" என்று சொல்லிக்கொண்டே மேசையில் கையை ஆயத்தமாக வைத்துவிடுவாள். வோல்ட்டர் சஸ்கற்றூனில் எங்காவது அந்தப் பாட்டைப் பாடினால், முடித்துவிட்டு ஏழு விநாடி சும்மா நின்று, பாஸின் வயிற்றில் உள்ளங்கையால் ஒரு அடி போடுவாராம். நோரா சொன்னாள்.

இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது எனக்கு வாழ்க்கையில் விளங்கிய ஒரு விஷயத்தைக் கடைசியாக எழுதி முடிக்கலாம் என்று இருந்தேன். வதனி தேநீரோடு வந்து, தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் முடியேல்லையே?" என்று கேட்டாள். கோப்பையை வைத்துவிட்டு, மேசையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.